கூப்பிட்டால் வரும் கார்

கள்ளக்குறிச்சிக் கடைத்தெருவில் என் பெயர் 'ரிமோட்டு'. அப்பா அம்மா வைத்த பெயர் ரேஷன் கார்டில் பத்திரமாக இருக்கிறது. அதைச் சொல்லி என்னைத் தேடினால் ஒருவருக்கும் தெரியாது. என் மகள் கல்யாணப் பத்திரிகையைப் படித்துப் பார்த்த ஒருவர், "ஏம்பா, ரிமோட்டு பொண்ணு கல்யாணம்னு சொன்னீங்க, இதுல வேற யாரோ அப்பான்னு போட்டிருக்கு?" என்று கேட்டாராம்.

கார் அலாரம், ரிமோட் ஸ்டார்ட்டர், கேமரா என்று மாட்டிக்கொண்டிருக்கிற தம்பிகள் நீங்கள், கடையை மூடிவிட்டு வீட்டில் சும்மா இருக்கிற என்னிடம் வந்து, தொழிலுக்கு வருகிற புதுப் பிள்ளைகளுக்கு நாலு வார்த்தை எழுதிக் கொடுங்கள் என்கிறீர்கள். எந்த வயரை எதோடு சேர்ப்பது என்று நான் எழுதப் போவதில்லை. அதெல்லாம் உங்கள் செல்போனிலேயே வீடியோவாக இருக்கிறது. அதில் பேசுகிறவன் என்னைவிட நன்றாகச் சொல்கிறான், அழகாகவும் இருக்கிறான். எனக்கு இந்தப் பெயர் எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன். ஏதோ சாதனை செய்து வாங்கிய பெயர் என்று உங்களில் சிலர் நினைத்துக்கொண்டிருப்பதாகக் கேள்விப்பட்டேன். அந்த மரியாதை இன்றோடு முடிகிறது.

இட ஒதுக்கீடு கேட்டு நம் பக்கமெல்லாம் போராட்டம் நடந்த வருஷங்கள் அவை. காலையில் நிழல் கொடுத்துக்கொண்டு நின்ற புளியமரம் மத்தியானம் ரோட்டுக்குக் குறுக்கே கிடக்கும். பஸ்ஸில் வந்தவர்கள் இறங்கி, மரத்தைத் தாண்டி, அந்தப் பக்கம் நிற்கிற பஸ்ஸில் ஏறிப் போவார்கள். கார் வைத்திருந்தவர்களுக்கு அந்த வசதியும் கிடையாது. மரத்தடியிலேயே உட்கார்ந்து கண்ணாடி உடையாமல் இருக்க வேண்டிக்கொள்வார்கள். எனக்குக் கச்சிராயபாளையம் ரோட்டில் கடை. வண்டி எலக்ட்ரீஷியன் கடை என்றால் பெரிதாகத் தோன்றும். ஒரு தகரக் கூரை, ஒரு பேட்டரி சார்ஜர், எல்லாம் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த நான். அவ்வளவுதான்.

அதே ரோட்டில் நெல் மில் வைத்திருந்த ஒருவரிடம் ஒரு வெள்ளைக் கார் இருந்தது. கியர் கம்பி ஸ்டியரிங்குக்குப் பக்கத்தில் இருக்குமே, அந்தக் காலத்துக் கார். பெயர் வேண்டாம், அவரை மில்காரர் என்றே சொல்கிறேன்; இன்று பேரன் பேத்திகள் எடுத்த குடும்பம். அந்தக் காருக்கு டிரைவர் ஏழுமலை. வடக்கனந்தல்காரர், என்னைவிடப் பதினைந்து வயதாவது பெரியவர். நான் அண்ணே என்று கூப்பிடுவேன். மில்காரரைவிட அந்தக் கார் ஏழுமலை அண்ணனுக்குத்தான் அதிகம் கட்டுப்படும்.

மில்காரரின் மச்சான் சிங்கப்பூரில் வேலை பார்த்தார். லீவில் வந்தவர் ஒரு அட்டைப் பெட்டியைக் கொண்டுவந்து கொடுத்தார். அதைத் தூக்கிக்கொண்டு மில்காரர் என் கடைக்கு வந்தார்.

"இன்னாப்பா, இத மாட்ட முடியுமா உன்னால? வெளியாளு யாராச்சும் கார தொட்டான்னா ஊரையே கூட்டும். வூட்டுக்குள்ள உக்காந்துகினே பட்டன அமுக்கினா வண்டி தானா ஸ்டார்ட் ஆவும்."

நான் அப்படி ஒரு சாமானைப் பார்த்ததே இல்லை. "மாட்டிடலாங்க. நெறைய மாட்டியிருக்கேன்" என்றேன்.

ஏழுமலை அண்ணன் பக்கத்தில் நின்று கார்க் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார். மில்காரர் அவர் பக்கம் திரும்பினார். "ஏழுமல, நீயும் கேட்டுக்கோ. இது மாட்டிட்டா காலைல வண்டி தானா ரெடியாயிடும். ஓட்டறதுக்கு நானே கத்துக்கினேன். வர்ற மாசத்துலேர்ந்து நீ வேற எடம் பாத்துக்கோ."

மில்காரர் கற்றுக்கொண்டது உண்மைதான். மில்லில் நெல் காயப்போடுகிற களத்தைச் சுற்றிச் சுற்றி ஓட்டிப் பழகினார். எப்போதும் இடது பக்கமாகவே சுற்றியதால், வலது பக்கம் திரும்புவது எப்படி என்று அவருக்குத் தெரியாது.

"சரிங்க முதலாளி" என்று சொல்லிவிட்டு ஏழுமலை அண்ணன் துடைத்த இடத்தையே மறுபடியும் துடைத்தார். முதலாளி போனபிறகு என்னிடம் வந்தார்.

"வேற எடம் எங்க தம்பி இருக்குது? ஊர்ல இருக்கிற நாலு காருக்கும் ஆளு இருக்கு. பெரியவன் பத்தாவது முடிச்சிட்டு வூட்ல நிக்கிறான். இருவது வருசமா இந்த ஸ்டியரிங்கத் தவிர நான் வேற எதையும் புடிச்சதில்ல."

காது அவர் பக்கம் இருந்தது, கண் அட்டைப் பெட்டியின் மேல் இருந்தது. "பாத்துக்கலாம்ணே" என்றேன். இன்னொருவருடைய சோற்றில் மண் விழும்போது நாம் எல்லோரும் சொல்கிற வார்த்தை அது.

வயர் வேலை குனிந்து செய்கிற வேலை, உட்கார ஏதாவது வேண்டும். அண்ணன் டிக்கியைத் திறந்து ஒரு கருங்கல்லை எடுத்துப் போட்டார். தலையணை அளவு, ஒரு பக்கம் சரிவாகத் தேய்ந்திருக்கும். அதன்மேல் உட்கார்ந்துதான் முழு வேலையையும் செய்தேன். ஒரு காரின் டிக்கியில் ஸ்டெப்னியோடு ஒரு கல்லும் ஏன் ஊர் ஊராகப் போய்க்கொண்டிருக்கிறது என்று எனக்கு ஒரு முறையாவது தோன்றியிருக்க வேண்டும். தோன்றவில்லை. உட்கார வசதியாக இருக்கிறது என்று மட்டும் தோன்றியது.

எல்லா வயருக்கும் இடம் கிடைத்தது. ஒன்றுக்கு மட்டும் கிடைக்கவில்லை. அது தொங்கிக்கொண்டிருந்தவரை பெட்டி உயிர் பெறவில்லை. இழுத்து வண்டி பாடியில் முறுக்கிவிட்டேன். உடனே உயிர் வந்துவிட்டது. வேலை செய்தால் சரியாகத்தான் இருக்கும் என்று நம்புகிற வயசு. கியர் நியூட்ரலில் இருந்தால் மட்டுமே வண்டி ஸ்டார்ட் ஆகட்டும் என்று அந்தச் சாமானைச் செய்தவன் வைத்த காவல்தான் அந்த வயர்; பாடியோடு சேர்த்து நான் அந்தக் காவலை எடுத்துவிட்டேன். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. எப்படித் தெரிந்தது என்பதற்குத்தான் வருகிறேன்.

மில் களத்தில் வைத்துக் காட்டினேன். சமதளம், கியரும் நியூட்ரலில் இருந்தது. மில்காரர் வெள்ளைப் பட்டனை அமுக்கினார், வண்டி ஸ்டார்ட் ஆனது. சிவப்புப் பட்டனை அமுக்கிவிட்டுக் காரைத் தட்டினார், சைரன் ஊளையிட்டது. மூட்டை தூக்குகிறவர்கள் மூட்டையைக் கீழே போட்டுவிட்டு வந்து பார்த்தார்கள். நான் அன்று சாயங்காலமே பெயிண்டரைக் கூப்பிட்டு, 'இங்கு ரிமோட் மூலம் கார் ஸ்டார்ட் செய்து தரப்படும்' என்று கடைப் பலகையில் எழுதச் சொல்லிவிட்டேன். அவ்வளவு அவசரம்.

அடுத்த வாரம் மில்காரர் புளி வியாபாரம் பேச வெள்ளிமலைக்குக் கிளம்பினார். மலை ரோட்டை அவர் ஓட்டத் துணியவில்லை. அதனால் ஏழுமலை அண்ணன் ஓட்டினார். "புது சாமான், எதுனா ஆச்சுன்னா நீ இருக்கணும்" என்று என்னையும் ஏற்றிக்கொண்டார்.

வெள்ளிமலையில் ஒரு டீக்கடை மேட்டில் இருந்தது. அதற்குக் கீழே, மேட்டைப் பார்த்து வண்டியை நிறுத்தினார் அண்ணன். அந்தக் காரின் ஹேண்ட் பிரேக்கை இழுத்தால் கைப்பிடி மட்டும் வரும், பிரேக் வராது. எனவே மலைக்கு வண்டி ஓட்டுகிற எல்லோரும் செய்வதைத்தான் அவரும் செய்தார். முதல் கியரில் போட்டார், இறங்கினார், டிக்கியைத் திறந்து கல்லை எடுத்துப் பின்சக்கரத்துக்கு அடியில் வைத்தார். நான் பார்த்துக்கொண்டே டீக்கடைக்கு ஏறினேன். நாலு நாள் நான் உட்கார்ந்திருந்த கல் ஆயிற்றே என்ற பாசம்கூட எனக்கு வரவில்லை.

டீக்கடையில் பத்துப் பேர் இருந்தார்கள். புளி வியாபாரம் பேசி முடிந்ததும் மில்காரர் சட்டைப் பையிலிருந்து ரிமோட்டை எடுத்தார். "இத பாருங்க" என்று வெள்ளைப் பட்டனை அமுக்கினார்.

வண்டி உறுமி ஒரு குதி குதித்தது. கல் பின்னால் இருந்தது. வண்டி முன்னால் வந்தது.

உள்ளே ஆள் இல்லை. கூப்பிட்ட நாய் மாதிரி, அவசரப்படாமல், மேடேறி நேராக மில்காரரைப் பார்த்து வந்தது. டீக்கடைக்காரர் வடிகட்டியைக் கையில் பிடித்தபடி, "ஆளே இல்லாம வருது பாரு!" என்றார். வண்டிக்கும் எங்களுக்கும் நடுவில் தூக்கில் டீ வாங்கிக்கொண்டு ஒரு சின்னப் பெண் நின்றுகொண்டிருந்தாள். ஏழுமலை அண்ணன் கிளாசை வீசிவிட்டு ஓடினார். ஓடுகிற வண்டியின் கதவைத் திறந்து, பாதி உடம்பு வெளியே தொங்க, காலை உள்ளே விட்டு பிரேக்கை மிதித்தார். விறகுக் கட்டு ஒன்றில் முட்டி வண்டி நின்றது. அந்தப் பெண் தூக்கைப் பத்திரமாகப் பிடித்துக்கொண்டு வண்டியைச் சுற்றிப் போனாள்.

 பிறகு டீக்கடைக்காரர் கேட்டார்: "கூப்பிட்டா வருமா முதலாளி?"

மில்காரர் முகத்தில் ரத்தமே இல்லை. "வரும்" என்றார். அதற்கு மேல் அவருக்குக் குரல் வரவில்லை. அவர்கள் அதை அடக்கம் என்று எடுத்துக்கொண்டார்கள். யாரோ என்னைக் காட்டி, "இவருதான் மாட்டினாராம்" என்றார். நான் காலரைச் சரிசெய்துகொண்டேன்.

ஏழுமலை அண்ணன் என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனார். 

"தம்பி, கியர்ல இருந்தா அது பாட்டுக்கு இழுத்துகினு வருது. அந்தப் புள்ள நின்னத பாத்தியா நீ? இங்கயே கழட்டிடு."

"வூட்டுக்குப் போய் பாத்துக்கலாம்ணே. அதுவரைக்கும் கியர்ல போடாம நிறுத்து, போதும்."

"கியர்ல போடாம நிறுத்தினா வண்டிய புடிச்சிகினு நீ நிப்பியா?"

தம்பிகளே, கட்டிங் பிளேயர் என் பையில்தான் இருந்தது. ஒரு நிமிஷ வேலை. அது தெரியாமல் விடவில்லை. பத்துப் பேர் ஆச்சரியமாகப் பார்த்துக்கொண்டிருக்கும்போது, வேலை தப்பாகிவிட்டது என்று வண்டிக்கு அடியில் குனிய எனக்கு முதுகு வளையவில்லை. வேலை தெரியாமல் கெட்டவர்கள் நம் தொழிலில் கம்மி. பாராட்டு வந்தபிறகு கெட்டவர்கள்தான் ஜாஸ்தி. அன்று நான் அதில் ஒருவன்.

மலை இறங்கி வரும்போது வடக்கனந்தலுக்குச் சற்று முன்னால் மறியல். ஒரு சின்னப் பாலத்துக்கு ரோடு மேடேறுகிற இடம். மேட்டின் உச்சியில் புளியமரம் குறுக்கே கிடந்தது. மரத்துக்கு முன்னால் ஆண்களும் பெண்களுமாக ரோட்டில் உட்கார்ந்திருந்தார்கள். நாங்கள்தான் முதல் வண்டி, எங்களுக்குப் பின்னால் ஒரு லாரி வந்து நின்றது. முதல் வரிசையில் உட்கார்ந்திருந்த பெண்களுக்கும் எங்கள் பம்பருக்கும் நடுவில் ஒரு ஆள் படுக்கலாம், அவ்வளவுதான் இடம்.

ஏழுமலை அண்ணனுக்கு அது சொந்த ஊர். "எல்லாம் தெரிஞ்சவங்கதான், நான் போய் பேசறேன்" என்று இறங்கினார். பின்னால் கல் வைக்கிற சத்தம் கேட்டது. நான் முன்சீட்டில், முதலாளி பின்சீட்டில். அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, யாரும் தொடக்கூடாது என்று சிவப்புப் பட்டனை அமுக்கி வைத்திருந்தார்.

ஒரு வாலிபன் வந்து பானெட்டில் சாய்ந்தான். சைரன் ஊளையிட்டது.

அந்த நாளில் அந்த ரோட்டில் சைரன் என்றால் ஒரே அர்த்தம்தான். "போலீசு!" என்று யாரோ கத்தினார்கள். பாதிப் பேர் கரும்புக் கொல்லைக்குள் பாய்ந்தார்கள். முன்வரிசைப் பெண்கள் மட்டும் எழுந்திருக்காமல் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார்கள். கொஞ்ச நேரத்தில், சத்தம் இந்தக் காரிலிருந்து வருகிறது என்று கண்டுபிடித்துவிட்டார்கள். கரும்புக்குள் போனவர்கள் கரும்போடு திரும்பி வந்தார்கள்.

"யார்ரா அவன், போலீஸ் சைரன் வெச்சினு வர்றவன்?"

காரைச் சுற்றிக் கூட்டம். கண்ணாடியை முட்டியால் தட்டுகிறார்கள். மில்காரர் பின்சீட்டில் ரிமோட்டை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, சைரனை நிறுத்தப் பட்டன் தேடுகிறார். வியர்வையில் விரல் வழுக்குகிறது. அப்போதுதான் என் கண் கியர் கம்பியின் மேல் பட்டது. முதல் கியர், மேட்டில் நிறுத்தும்போது அண்ணனின் கை பழக்கத்தில் போட்டது. முன்னால் உட்கார்ந்திருக்கிற பெண்கள். பின்னால் வெள்ளைப் பட்டனையும் சிவப்புப் பட்டனையும் மாற்றி மாற்றித் தடவுகிற ஒரு கட்டைவிரல்.

"அமுக்காதீங்க!" என்று கத்தத்தான் வாய் வந்தது. கத்தவில்லை. பயந்துபோயிருக்கிற மனுஷனிடம் கத்தினால் விரல் இறுகும். கியரை எடுக்கலாம் என்றும் தோன்றியது. கல் ஒன்று இருக்கிறது என்பதே எனக்கு அப்போது நினைவில்லை. கியரை எடுத்தால் பின்னால் நிற்கிற லாரியில் போய் மோதும் என்றுதான் நினைத்தேன். ரிமோட்டைப் பிடுங்கப் பின்சீட்டுக்குக் கை எட்டாது. டேஷ்போர்டுக்குக் கீழே கையை விட்டேன். எந்த வயர் எது என்று பார்க்கிற நேரம் இல்லை. கையில் முதலில் வந்த தடித்த வயரை உடம்பு பலத்தையெல்லாம் கொடுத்து இழுத்தேன். அது செல்ஃபுக்கு, அதாவது இன்ஜினைச் சுற்றிவிடுகிற மோட்டாருக்குப் போகிற வயர். நான் திட்டம் போட்டு இழுத்தது இல்லை. எதையாவது பிடித்து இழுத்தேன், அது வந்தது.

வயர் கையோடு வந்ததும் பெட்டிக்குள் 'டிக்' என்று ஒரு சத்தம் கேட்டது. மில்காரர் வெள்ளைப் பட்டனை அமுக்கிவிட்டார். பெட்டி செல்ஃபை அடிக்கச் சொல்கிறது, சொல்ல வேண்டிய வயர் என் கையில் இருக்கிறது.

பிறகு மீதி எல்லாவற்றையும் பிடுங்கினேன். நாலு நாள் கல்லின்மேல் உட்கார்ந்து, டேப் சுற்றி, அழகாக மடித்துக் கட்டிய வேலை நாலு இழுப்பில் வந்துவிட்டது. சைரன் நின்றது.

ஏழுமலை அண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார். கியர் கம்பியைப் பார்த்தார். என் கையிலிருந்த வயர்களைப் பார்த்தார். முன்னால் இருந்த பெண்களைத் திரும்பிப் பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது. கூட்டத்துக்கு அதைச் சொல்லவில்லை.

தலையில் துண்டு கட்டிய ஒருவர்தான் அங்கே முன்னால் நின்று பேசுகிறவர். "இன்னா ஏழுமல இது? யாரு வண்டி?"

"போலீசு இல்லப்பா. மிஷினு. முதலாளி புதுசா மாட்டியிருக்காரு. டிரைவர் இல்லாமயே வண்டி ஸ்டார்ட் ஆவும்."

"அப்ப நீ?"

"நானு வர்ற மாசம் வரைக்கும்."

 துண்டு கட்டியவர் முதலாளியைக் கேட்கவில்லை. குனிந்து என்னைப் பார்த்துக் கேட்டார்:

"ஏம்பா, புள்ளைங்களுக்கு வேலை குடுன்னு கேட்டு நாங்க ரோட்ல உக்காந்துகினு இருக்கோம். இருக்கிற ஒரு வேலையையும் புடுங்குற மிஷின மாட்டினு எங்க நடுவுலயே வர்றியா நீ?"

 கை நிறைய இருந்த வயரைத் தூக்கிக் காட்டி, "கழட்டிட்டேங்க" என்றேன். முதலில் ஒரு பெண் சிரித்தாள். பிறகு எல்லோரும் சிரித்தார்கள், கைகூடத் தட்டினார்கள். என் தொழில் வாழ்க்கையில் நான் செய்த வேலைக்குக் கூட்டமாகக் கைதட்டல் கிடைத்தது அந்த ஒரு முறைதான்.

சாயங்காலம் மரத்தை ஓரமாக இழுத்துப் போட்டார்கள். எங்கள் கார்தான் நகரவில்லை, நான் பிடுங்கியதில் எல்லாமே போயிருந்தது. இரண்டு வயரை நேராக முறுக்கி வைத்தேன். மறியல் செய்தவர்களே பின்னால் நின்று தள்ளி ஸ்டார்ட் செய்து கொடுத்தார்கள். துண்டு கட்டியவர் அந்தக் கல்லை எடுத்து மறக்காமல் டிக்கியில் போட்டார்.

 மில்லுக்குப் பக்கத்தில் வரும்போது மில்காரர் மெதுவாக, "வெள்ளப் பட்டனைத்தான் அமுக்கினேன் ஏழுமல" என்றார்.

"தெரியுங்க முதலாளி."

"பொம்பளைங்க உக்காந்துகினு இருந்தாங்க."

"ஆமாங்க."

அதோடு சரி. ஆனால் வேலை உண்டா இல்லையா என்று அவரும் சொல்லவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. கௌரவம் பார்க்கிறவர்களுக்கு மனசு மாறுவது சுலபம். மாறிவிட்டது என்று வாயால் சொல்வதுதான் கஷ்டம். மாசம் முடிந்துகொண்டு வந்தது. ஏழுமலை அண்ணன் தினம் காரைத் துடைத்துவிட்டு, போகிற வழியில் என் கடைக்கு வந்து பேசாமல் உட்கார்ந்திருப்பார். அந்தப் பேசாமல் இருப்பதுதான் என்னைக் கொன்றது. பலகையில் எழுதியிருந்ததை அழிக்கப் பெயிண்டர் வருவதாகச் சொல்லி வரவே இல்லை. அதன்மேல் ஒரு பழைய டயரை மாட்டி மறைத்தேன். டயருக்கு நடுவில் 'ரிமோட்' என்ற எழுத்து மட்டும் சரியாகத் தெரிந்தது. பெயர் வந்த கதை இதுதான்.

ஒரு நாள் மில்காரரே கடைக்கு வந்தார். கூடவே அண்ணனும். மில்காரரின் மகளைப் பெண் பார்க்க ஆத்தூரிலிருந்து வருகிறார்கள். வெள்ளிமலைப் புளிக்காரர்கள் மூலம் அங்கே வரைக்கும் கதை போய்விட்டது.

"கூப்பிட்டா வர்ற கார பாக்கணுமாம் அவங்களுக்கு. ஒரு நாளைக்கு மட்டும் மாட்டிக் குடுப்பா. இல்லன்னு சொன்னா என் மானம் போயிடும்."

"கையை வெட்டினாலும் மாட்ட மாட்டேங்க" என்றேன். பெரிய வீரம் இல்லை அது. அந்த 'டிக்' என்கிற சத்தம் அப்போதும் எனக்குத் தூக்கத்தில் கேட்டுக்கொண்டிருந்தது.

மில்காரர் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அப்போது ஏழுமலை அண்ணன் சொன்னார்:

"பட்டன நீங்க அமுக்குங்க முதலாளி. வண்டிய நான் ஸ்டார்ட் பண்றேன். சீட்ல குனிஞ்சி படுத்துக்கறேன், யாருக்கும் தெரியாது. நீங்க ஒரு இருமல் இருமுங்க, எனக்குக் கேக்கும்."

மில்காரர் அவரை நிமிர்ந்து பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று சொல்லத் தெரியவில்லை.

இந்த இடத்தில் உங்களுக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். இப்போது வருகிற சாமானெல்லாம் புத்திசாலி, கியரில் இருந்தால் தானே மறுத்துவிடும். இருந்தாலும் எந்த வண்டியிலும் கை வைக்கும் முன் டிக்கியைத் திறந்து பாருங்கள். உள்ளே கல் இருந்தால் அதன்மேல் உட்காராதீர்கள். அது எதற்கு என்று ஓட்டுகிறவரைக் கேளுங்கள். அப்படியே, இது மாட்டினபிறகு உங்களுக்கு இங்கே வேலை இருக்குமா என்றும் கேளுங்கள். இரண்டாவது கேள்விக்கு வரும் பதிலை வைத்து நீங்கள் ஒன்றும் செய்ய முடியாமல் போகலாம். கேட்டுவிட்டு மாட்டுகிறவன் கையும் கேட்காமல் மாட்டுகிறவன் கையும் ஒரே மாதிரி வேலை செய்யாது.

பெண் பார்க்கும் அன்று, மாட்டியவன் கூட இருக்க வேண்டும் என்று என்னையும் மில் வீட்டு வாசலில் சலவைச் சட்டையோடு நிற்க வைத்தார்கள். களத்தில் வெள்ளைக் கார் நின்றது. உள்ளே யாரும் தெரியவில்லை. விருந்தாளிகள் பஜ்ஜி சாப்பிட்டுவிட்டு வாசலுக்கு வந்தார்கள். மில்காரர் ரிமோட்டை எடுக்கப் பைக்குள் கையை விட்டார்.

மாப்பிள்ளையின் பெரியப்பாவுக்குப் பஜ்ஜி தொண்டையில் சிக்கியதோ என்னவோ, பலமாக இருமினார்.

வண்டி ஸ்டார்ட் ஆகிவிட்டது.

மில்காரரின் கை இன்னும் பைக்குள்தான் இருந்தது. அவசர அவசரமாக வெளியே எடுத்து அமுக்கினார். "அமுக்கறதுக்கு முன்னாடியே ஸ்டார்ட் ஆயிடுச்சே!" என்று பெரியப்பா வாயைப் பிளந்தார். மில்காரர், "சிங்கப்பூர் சாமானுங்க" என்றார். வண்டி கூப்பிட்ட மாதிரியே மெதுவாக, பத்திரமாக, களத்தைப் பாதி சுற்றி வாசலில் வந்து நின்றது. வலது பக்கமாகத் திரும்பி வந்தது. அதைக் கவனித்தது நானும் மில்காரரும் மட்டும்தான்.

கல்யாணம் அங்கேயே முடிவானது. அதற்குப் பிறகு அந்த வீட்டில் வேறு இடம் பார்க்கச் சொல்லும் பேச்சே எழவில்லை. அந்தக் காரை விற்கும் வரைக்கும் ஏழுமலை அண்ணன்தான் ஓட்டினார். அடுத்து வந்த காரையும் அவர்தான் ஓட்டினார்.

அன்று கிளம்பும்போது பெரியப்பா என்னை ஓரமாகக் கூப்பிட்டார். "தம்பி, நீதானே மாட்டினது? எனக்கும் இதே மாதிரி ஒண்ணு மாட்டணும். எவ்வளவு ஆனாலும் பரவாயில்ல."

நான் காரைப் பார்த்தேன். ஸ்டியரிங்குக்குக் கீழே, இரண்டு முழங்காலையும் வயிற்றோடு மடக்கிக்கொண்டு, வியர்த்து வழிய, இவர்கள் போவதற்காக மூச்சைப் பிடித்துக் காத்துக்கொண்டிருந்தார் ஏழுமலை அண்ணன்.

"இது ஒரே பீஸ்தாங்க வந்துச்சு" என்றேன். "இனிமே வராது."